கையெழுத்துக்கு முன்னால்: கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்ட பெண்ணுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்வது

பாளையங்கோட்டை கோர்ட்டில் குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் தலை நரைக்கும் வரை குமாஸ்தாவாக இருந்தேன். மனுவை டைப் அடிக்கக் கொடுப்பது, நம்பர் ஆகும் வரை அதன் பின்னால் அலைவது, வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு கட்சிக்காரருக்குச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. ஆபீசுக்கு வரும் பெண்களோடு பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ வருவார்கள். "கேஸ் போட்டா ஜெயிக்குமா?" என்பது அவர்களுடைய முதல் கேள்வி. என்னுடைய முதல் கேள்வி வேறு: "இதுவரைக்கும் எங்கேயாவது கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கியாம்மா?"

பெண் பிறந்த வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இல்லையென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள் வரும். "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று யாரோ ஒருவர் எழுதி வைத்திருப்பார். அழுது ஓய்ந்த பெண், வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்து போட்டுவிடுவாள்.

அந்தத் தாளால் விவாகரத்து ஆகிவிடாது. ஆனால் ஜீவனாம்சச் சட்டத்தில், கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. எதிர்த்தரப்பு கவுண்டர், அதாவது பதில் மனு, போடும்போது முதல் ஆவணமாக அந்தத் தாள்தான் வரும். பயந்துபோய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லி அதிலிருந்து மீளலாம். ஆனால் மீள்வதற்குள் பல வாய்தாக்கள் போய்விடும்.

அதனால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "இன்ன தேதியில் அடித்து வெளியே அனுப்பினார்கள், அன்றிலிருந்து பெற்றோர் வீட்டில் இருக்கிறேன்" என்று இருக்கட்டும். மற்ற எதற்கும் "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். யாரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்க முடியாது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "பேசி முடிச்சாச்சே, ரசீது எதுக்கு?" என்பார்கள். மனுவில் சொன்ன சம்பவமும் அதன் தேதியும் பிற்பாடு நிற்பது அந்த ரசீதில்தான். இன்னொன்று, கணவன் வீட்டுக் கொடுமை பற்றிய புகாரைக் கணவன் ஊருக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அடைக்கலம் தேடி வந்த ஊரிலும் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லிவிட்டது. அந்தக் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. கிரிமினல் கேஸ் போடுவதா வேண்டாமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாதாமாதம் பணம் வாங்கிக் கொடுக்கும் வழக்கு அது இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன் சேர்க்க வேண்டியவை

கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பதிவுச் சான்று. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும், இருந்தாலும் பதியாதவர்கள் இன்னும் வருகிறார்கள். பதியாததாலேயே கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணமும் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவை 1967ல் நம் மாநிலம் சேர்த்தது அதற்காகத்தான். நிரூபிக்கப் போட்டோ, பத்திரிகை, சாட்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அவருடைய வருமானத்துக்கான தடயம். இதில்தான் பெண்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். மாதம் 40,000 வாங்குகிறவர்கூட கவுண்டரில் "கூலி வேலை, மாதம் 8,000 வருமானம்" என்று எழுதுவார். அதனால் சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை, பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், வண்டியின் ஆர்.சி., கடன் தவணை மெசேஜ் என்று வீட்டில் இருக்கும்போது எடுத்த போட்டோ எது கிடைத்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். நிலம் இருக்கிறது என்றால் சர்வே எண் போதும். பட்டாவை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்ப்பதற்கும் காசு கிடையாது. எங்கே வேலை பார்க்கிறார் என்று மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை. சம்பள விவரத்தை அனுப்பச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு உத்தரவு போடும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

வாட்ஸ்அப் மெசேஜ்களைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பழைய போனையும் எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்யும்போது கூடவே மின்னணுச் சான்றிதழ் ஒன்றும் போட வேண்டும் (சாட்சியச் சட்டத்தில் பழைய 65பி, இப்போது 63). அசல் போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

ஜீவனாம்சம்

ஜீவனாம்ச வழக்கைக் கோர்ட்டில் எம்.சி. என்போம். 1.7.2024க்கு முன்னால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. நம்பர் மாறியதே தவிர சரக்கு ஏறக்குறைய அதேதான். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே போட வேண்டும், இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். கணவன் சென்னையில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் இது பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் உறுதி செய்தது.

மனுவில் எவ்வளவு கேட்பது? பலர் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள். நான் ஒரு தாளைக் கொடுத்துச் செலவை எழுதச் சொல்வேன். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், வேன், மருந்து என்று உருப்படி உருப்படியாக எழுதியதற்கு ரசீதும் இருந்தால், நீதிபதி குறைக்க நினைத்தாலும் எதைக் குறைப்பது என்று யோசிக்க வேண்டி வரும். "வாழ்க்கை நடத்த 25,000 தேவை" என்று ஒரே வரியில் எழுதினால் பாதியாக வெட்டுவது சுலபம்.

மனுவோடு சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் இரண்டு பேருமே போட வேண்டும். 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது. படிவமும் அந்தத் தீர்ப்போடேயே இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம் அவகாசம். அதற்கு மேல் இரண்டு வாய்ப்புக்கு அதிகமாகக் கொடுக்கக் கூடாது. இந்தப் பத்திரம் வராமல் இழுத்தடித்தால் ஒவ்வொரு வாய்தாவிலும் உங்கள் வக்கீல் அதைச் சொல்ல வேண்டும். சொல்கிறாரா என்று நீங்களும் கோர்ட் ஹாலில் நின்று கேளுங்கள். உங்கள் பத்திரத்திலும் எதையும் மறைக்காதீர்கள். டெய்லரிங்கில் மாதம் 4,000 வருகிறது என்றால் 4,000 என்றே போடுங்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஜீவனாம்சமே கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு ஒன்று சுற்றுகிறது. அப்படி இல்லை. உங்கள் வருமானம் அந்த வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். மறைத்து மாட்டிக்கொண்டால்தான் சிக்கல், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பிரதான மனு முடிய நாளாகும். அதனால் முதல் நாளே இடைக்கால ஜீவனாம்சத்துக்குத் தனி மனு போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் சார்வு ஆனதிலிருந்து, அதாவது கணவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, கூடுமானவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதற்கு மேலும் போகும். போனாலும், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று அதே ரஜனேஷ் தீர்ப்பு சொல்கிறது. 2024 ஆகஸ்டில் மனு, 2025 ஆகஸ்டில் மாதம் 8,000 என்று உத்தரவு என்றால், அன்றைக்கே 96,000 ரூபாய் பாக்கி நிற்கும். மனுவைத் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். "ஆடி முடியட்டும், தீபாவளிக்குள் சமாதானம் ஆகிவிடும்" என்று காத்திருந்த மாதங்களுக்குப் பணம் வராது.

சேர்ந்து வாழ வா என்று கணவர் ஒரு மனு போட்டு, அதில் அவர் பக்கம் தீர்ப்பே ஆகிவிட்டாலும், போகாததற்கு நியாயமான காரணம் இருந்தால் ஜீவனாம்சம் கேட்கத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸ் வந்ததும் பதறிப்போய்ப் பெட்டியைக் கட்ட வேண்டாம். ஆனால் பதில் போடாமலும் இருக்க வேண்டாம். எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

உத்தரவு வாங்குவது பாதி வேலை. பணம் வாங்குவது மீதி. கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். "மொத்தமாகச் சேரட்டும்" என்று விட்ட பழைய மாதங்களை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகும். முதலில் ஜப்தி வாரண்ட், அப்போதும் கொடுக்காவிட்டால் பாக்கி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்ததால் கடன் கழிந்துவிடாது, அது 1989லேயே தீர்ப்பான விஷயம். பணத்தைக் கையில் வாங்காமல் பாங்க் கணக்கு வழியாகவே வாங்குங்கள், அப்போதுதான் எந்த மாதம் வரவில்லை என்பதற்கு வாக்குவாதம் இருக்காது. உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். அவர் வேறு ஊருக்கு மாறிப் போனால் அந்த நகலை வைத்து அந்த ஊர் கோர்ட்டிலும் நிறைவேற்றலாம்.

வீடும் நகையும்

"வீடு மாமியார் பேரில் இருக்கிறது, உனக்கு அங்கே என்ன உரிமை?" என்ற கேள்விக்கு 2020 அக்டோபர் வரை பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அந்த மாதம் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில், மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழ்ந்த இல்லம் ஆகலாம் என்று தீர்ப்பு வந்தது. வீடு உங்கள் சொத்தாகிவிடாது. சட்டப்படி இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது, அவ்வளவுதான். கேட்க வேண்டியது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில். குடியிருப்பு, பாதுகாப்பு, பணம், நகையைத் திருப்பித் தருவது எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் போனால் நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 181க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை.

எம்.சி.யும் இந்த வழக்கும் இரண்டுமே போடலாம். ஒன்றில் ஏற்கெனவே பணம் வாங்கினால் மற்றதில் அதைச் சொல்லியாக வேண்டும், கழித்துக்கொள்வார்கள்.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவு: பெண்ணுக்குப் போட்டது பெண்ணுடையது. கணவர் அதற்குப் பங்காளி இல்லை. தகராறு முழுக்க எத்தனை பவுன், யாரிடம் இருக்கிறது என்பதில்தான். நகைக்கடை பில், கல்யாண வீடியோ, சீர் எழுதிய நோட்டு, அடகு வைத்திருந்தால் அந்த ரசீது. லாக்கர் என்றால் யார் பேரில், எந்தக் கிளை. 30 பவுன் போட்டுவிட்டு மனுவில் 80 என்று எழுதச் சொல்லும் சித்தப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 50 பவுன் பொய், உண்மையான 30 பவுனையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பிரிவதென்று முடிவானால்

நூறு ரூபாய் பத்திரத்தில் "தீர்த்துவிட்டோம்" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்பி மறுகல்யாணம் செய்தவர்கள் உண்டு. செல்லாது. சில சமூகங்களில் வழக்கப்படியான தீர்வைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அந்த வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், சின்ன வேலை இல்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் 13பி. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஆறு மாதம். நியாயமான காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு ஆகும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இதைக் கணவர் தரப்பு மிரட்டலுக்குப் பயன்படுத்தும், நீங்கள் தைரியத்துக்குப் பயன்படுத்துங்கள். மொத்தத் தொகை பேசியிருந்தால் டிமாண்ட் டிராஃப்டாக, கடைசிக் கையெழுத்து போடும் நாளில் கோர்ட்டிலேயே கைக்கு வர வேண்டும். "அப்புறம் தருகிறேன்" என்றால் கையெழுத்தும் அப்புறம்தான். மற்ற வழக்குகளை வாபஸ் வாங்கும் வரியையும் பணம் வருவதோடு சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது குழந்தையின் உரிமை, அம்மா விட்டுக்கொடுக்க முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம் தனி. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே. ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சொன்னவருக்கு மூன்று வருடம் வரை சிறை.

குழந்தையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். ஐந்து வயதுக்குள் என்றால் சாதாரணமாக அம்மாவிடம்தான். அதற்கு மேல் குழந்தையின் நலன் எதுவோ அது. அவர் பணம் தரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே நீதிபதியின் எரிச்சலைத்தான் கிளப்பும். அவர் பார்க்க வரும் நாளைக் கோர்ட் குறித்துக் கொடுத்தால், காய்ச்சல் என்று இரண்டு முறைக்கு மேல் சொல்லாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு

பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம், 12ஆவது பிரிவு. கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும், தாலுகாவிலும் குழு இருக்கிறது, போன் 15100. கொடுத்த வக்கீல் சரியாகப் பார்க்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். காசு கொடுத்து வைத்த வக்கீலானாலும் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த வாய்தாவை நீங்களே பாருங்கள். என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

அண்ணன் கொண்டுவரும் பத்திரம்

கடைசியாக, பிறந்த வீட்டில் நடப்பது. கேஸ் நடக்கும் காலத்தில், கூட அலைந்த அண்ணனே ஒரு நாள் "வீட்டுக்கு லோன் வாங்கணும், ஒரு கையெழுத்து போடு" என்று சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூப்பிடுவார். அங்கே இருப்பது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் பத்திரம். சாப்பாடு போடும் வீட்டில் எதிர்த்துப் பேச முடியாமல் போட்டுவிடுவார்கள்.

இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் அந்தத் தேதியில் கல்யாணமாகாத மகள்களுக்குக் கிடைத்தது. 9.9.2005ல் மத்தியச் சட்டம் கல்யாணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்ந்துவிட்டது. 20.12.2004க்கு முன்னாலேயே முறைப்படி பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது வேறு கதை. அவர் இருக்கும் வரை யாரும் பங்கு கேட்க முடியாது, உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால் அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாய் இருந்தால் அவரும், எல்லோருக்கும் சமம். கல்யாணத்துக்கு நகை போட்டதால் பங்கு தீர்ந்துவிட்டது என்பது வீட்டுப் பேச்சு, சட்டத்தில் அப்படி இல்லை.

விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். அண்ணன் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார் என்று மனசார எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பத்திரத்தின் நகலை முதல் நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, சொத்து விவரப் பகுதியில் எந்தெந்த சர்வே எண் இருக்கிறது, பணம் பெற்றுக்கொண்டதாக எவ்வளவு போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கொடுக்காத பணத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தால், கொடுத்த பின்னால் வருகிறேன் என்று சொல்லுங்கள்.